படிப்பு பெரிசு, வேலை சிறிசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை முடித்தவர் பில் போடுகிறார். பொறியியல் படித்தவர் டேட்டா என்ட்ரி செய்கிறார். இருபது வருடம் மேனேஜராக இருந்தவர் சாதாரணக் கணக்கர் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார். நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன். அதனால் வேலை தேடுபவர்களும் கேட்பார்கள், வேலை கொடுப்பவர்களும் கேட்பார்கள். அதிகம் வரும் கேள்விகளும் என் பதில்களும் இவை.

'ஓவர் குவாலிஃபைட்' என்று யாரைச் சொல்கிறார்கள்?

செய்யும் வேலைக்குத் தேவையானதைவிட அதிகப் படிப்போ திறமையோ அனுபவமோ உள்ளவரை. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை. பட்டம் பெரிதாக இருக்கும், அந்தப் பட்டத்துக்கு உரிய திறமை கையில் இருக்காது. காகிதத்தில் தகுதி மிஞ்சியவர், நிஜத்தில் வேலைக்குச் சரியான ஆள். இதற்கு நேர்மாறும் உண்டு. கல்லூரிப் பக்கமே போகாமல் பத்து வருடம் ஒரு பட்டறையைத் தனியாளாக நடத்தியவர், பிறகு எங்கோ பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார். அவரை எந்தப் புள்ளிவிவரமும் கணக்கில் எடுப்பதில்லை.

படித்த துறை வேறு, வேலை பார்க்கும் துறை வேறு என்பது தனிக்கதை. உயிரியல் படித்துவிட்டு வங்கி அதிகாரியாக இருப்பவர் துறை மாறியவர்தானே தவிர, தகுதி மிஞ்சியவர் ஆகமாட்டார்.

இதை எப்படி அளக்கிறார்கள்?

மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, வேலை பார்ப்பவரையே கேட்பது: "உங்கள் வேலைக்கு எவ்வளவு படிப்பு போதும்?" இரண்டாவது, வேலைகளைத் தரம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு படிப்பு என்று முன்பே வரையறுத்துக்கொள்வது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாடு எல்லா வேலைகளையும் 10 பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறது. பட்டம் பெற்றவர் அதில் 4 முதல் 9 வரையுள்ள பிரிவுகளில் (எழுத்தர், விற்பனையாளர், கைவினைஞர், இயந்திரம் இயக்குபவர், உதவியாள் போன்றவை) இருந்தால் தகுதி மிஞ்சியவர் என்று ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகம் எண்ணுகிறது. மூன்றாவது வழியில், ஒரு தொழிலில் இருப்பவர்களின் சராசரிப் படிப்பை எடுத்து, அதற்கு வெகுவாக மேலே இருப்பவர்களைத் தனியே பிரிப்பார்கள்.

மூன்றாவது வழியில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு காலத்தில் பள்ளிப் படிப்பு போதும் என்றிருந்த வேலைக்குப் பட்டதாரிகளாகவே வந்து குவிந்துவிட்டால் சராசரியே உயர்ந்துவிடும். வேலை அப்படியேதான் இருக்கும். ஆனால் 'தகுதி மிஞ்சியவர்' யாருமே இல்லை என்று கணக்கு சொல்லும். ஒரே நாட்டைப் பற்றி இரண்டு அறிக்கைகள் இரண்டு எண்ணிக்கை சொன்னால், எந்த அளவுகோல் என்று முதலில் பாருங்கள்.

உலகத்தில் எத்தனை பேர் இப்படி?

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2023-இல் நடத்திய பெரியவர்களின் திறன் ஆய்வில், பங்கேற்ற நாடுகளில் சராசரியாக வேலை பார்ப்பவர்களில் 23 சதவீதம் பேர் தங்கள் வேலைக்கு வேண்டியதைவிட அதிகம் படித்தவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பட்டம் பெற்று வேலை பார்ப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். எனக்கு மட்டும்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படி ஆகிறது? படிப்பு சரியில்லையா, வேலை இல்லையா?

இரண்டும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். லெஸ்டர் தரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1975-இல் ஒரு விளக்கம் தந்தார். வேலைச் சந்தை ஒரு வரிசை. பயிற்சி கொடுக்க யாருக்குச் செலவு குறைவோ அவரை முதலாளி முன்னால் நிறுத்துகிறார். படிப்பு என்பது வரிசையில் முன்னால் போக உதவும் சீட்டு. எல்லோரும் அந்தச் சீட்டை வாங்கிவிட்டால் இடம் மாறாது, சீட்டின் மதிப்புதான் இறங்கும். பிறகு அதே இடத்தில் நிற்பதற்கே இன்னொரு பட்டம் வாங்க வேண்டியிருக்கும்.

இது ஒரு காரணம்தான். பொருளாதார மந்தநிலையில் படிப்பை முடிப்பவர்கள் கிடைத்ததில் உட்காருகிறார்கள். துணைவரின் வேலைக்காக ஊர் மாறியவர், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள அருகிலேயே வேலை தேடுபவர், குழந்தை பள்ளி விட்டு வரும் நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டியவர் என்று பலர், படிப்புக்கு ஏற்ற வேலை இருந்தும் அதை எட்டிப் பிடிக்க முடியாமல் நிற்கிறார்கள். இவர்களிடம் போய் 'திறமையை வளர்த்துக்கொள்ளுங்கள்' என்று அறிவுரை சொல்வதைப் போலக் கடுப்பேற்றும் காரியம் வேறில்லை.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் நிலைமை?

இன்னும் மோசம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளிலிருந்து வந்து அங்கே வேலை பார்க்கும் பட்டதாரிகளில் தகுதி மிஞ்சியவர் விகிதம், உள்நாட்டுக் குடிமக்களுடையதைப் போல இரண்டு மடங்கை ஒட்டி வருகிறது. மொழி ஒரு தடை. மருத்துவம், செவிலியம், சட்டம் போன்ற உரிமம் வேண்டிய தொழில்களில் பட்டத்தை அங்கீகரிக்க வைப்பதே தனிப் போராட்டம். பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ள 1997-இல் லிஸ்பன் உடன்படிக்கை வந்தது. யுனெஸ்கோவின் உலகளாவிய உடன்படிக்கை 2019-இல் ஏற்கப்பட்டு 2023-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பட்டத்தை அங்கீகரிப்பது வேறு, தொழில் செய்ய உரிமம் கொடுப்பது வேறு. போவதற்கு முன்பே உரிமம் தரும் அமைப்பு எது, என்ன தேர்வு, எத்தனை மாதம் என்று விசாரித்து வைத்துக்கொள்பவர்கள் சீக்கிரம் கரையேறுகிறார்கள்.

சம்பளத்தில் எவ்வளவு அடி விழும்?

கிரெக் டங்கன், சால் ஹாஃப்மன் இருவரும் 1981-இல் செய்த ஆய்வுதான் இதற்கு அடிப்படை. அதற்குப் பின் பல நாடுகளில் பார்த்தும் கிட்டத்தட்ட அதே படம்தான் வந்தது. வேலைக்குத் தேவைப்படும் ஒரு வருடப் படிப்பு சம்பளத்தில் எவ்வளவு சேர்க்கிறதோ, தேவைக்கு மிஞ்சிய ஒரு வருடம் அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் சேர்க்கும். அதாவது உங்களோடு படித்து, படிப்புக்கு ஏற்ற வேலையில் இருப்பவரைவிட உங்களுக்குக் குறைவு. பக்கத்து நாற்காலியில் உங்களைவிடக் குறைவாகப் படித்தவரைவிடக் கொஞ்சம் கூடுதல். படிப்பு முழுக்க வீண் என்பதும் சரியில்லை, படிப்புக்கு முழு மரியாதை கிடைக்கிறது என்பதும் சரியில்லை.

"உங்களுக்குத் தகுதி அதிகம்" என்று திருப்பி அனுப்புகிறார்களே, அதிகம் இருந்தால் நல்லதுதானே?

இந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தகுதி அதிகம் என்று ஒருவரைத் தள்ளும்போது, ஆள் எடுப்பவர் தகுதியைப் பற்றிப் பேசவே இல்லை. 'இவர் எத்தனை நாள் இருப்பார்?' என்பதுதான் மனதில் ஓடுகிற கேள்வி. ஆள் தேடி, வேலை கற்றுக்கொடுத்து, கணினி அனுமதியெல்லாம் வாங்கிக் கொடுத்து, ஆறாவது மாதம் ராஜினாமாக் கடிதம் வந்தால் அவர் மேலதிகாரியிடம் பதில் சொல்ல வேண்டும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் ரோமன் கால்பெரின், ஆலிவர் ஹால் உள்ளிட்டோர் ஆள் எடுக்கும் மேலாளர்களிடம் சோதனை செய்து பார்த்தார்கள். திறமை மிக அதிகமாகத் தெரியும் விண்ணப்பதாரருக்கு நிறுவனத்தின் மேல் பற்று குறைவாகவே இருக்கும் என்று மேலாளர்கள் தாமாகவே முடிவு கட்டினார்கள். அந்த ஆள் அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற நகரம். 1996-இல் ஒருவர் போலீஸ் வேலைக்கான அறிவுத்திறன் தேர்வு எழுதினார். 50-க்கு 33 எடுத்தார். நகர நிர்வாகம் நேர்காணலுக்கு அழைத்ததோ 20 முதல் 27 வரை எடுத்தவர்களை மட்டும். அதிகம் எடுத்தவர்கள் ரோந்து வேலையில் சலித்துப்போய், செலவு செய்து பயிற்சி கொடுத்த பிறகு போய்விடுவார்கள் என்பது அவர்கள் வாதம். அவர் வழக்குப் போட்டார். இது நல்ல கொள்கையாக இல்லாமல் போகலாம், ஆனாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் பொருத்தியிருக்கிறார்கள், அதில் ஒரு காரணமும் இருக்கிறது என்று நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. 2000-இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. பரீட்சையில் நன்றாக எழுதியதற்காக வேலை போனது, சட்டப்படி சரியாகவும் ஆனது.

அந்தப் பயம் உண்மைதானா?

கொஞ்சம் உண்மை. தன் தகுதி வீணாகிறது என்று நினைப்பவர்களுக்கு வேலையில் திருப்தி குறைவு, விட்டுப் போகும் எண்ணம் அதிகம். இது பல ஆய்வுகளில் வருகிறது. ஆனால் பெரின் எர்டோகன், டாலியா பாவர் இருவரும் துருக்கியில் ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் ஊழியர்களிடம் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தகுதி மிஞ்சியதாக உணர்ந்த விற்பனையாளர்கள் விற்பனையில் பின்தங்கவில்லை, கூடுதலாகவே விற்றார்கள். அவர்களுக்கு வேலையில் சொந்தமாக முடிவெடுக்கும் இடம் கிடைத்தபோது அதிருப்தியும் விலகும் எண்ணமும் குறைந்தன. அதாவது ஆள் போவதற்குக் காரணம் பட்டமா, கையைக் கட்டிப்போடும் மேலதிகாரியா என்று ஆள் எடுப்பவர்களும் ஒருமுறை யோசிக்கலாம்.

ஆண், பெண் இருவருக்கும் இது ஒன்றுபோலவா?

இல்லை. எலிசபெத் கேம்பெல், ஆலிவர் ஹால் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தகுதி மிஞ்சிய ஆணைப் பார்த்தால் 'இவன் ஓடிவிடுவான்' என்று நினைக்கிறார்கள். அதே தகுதியுள்ள பெண்ணைப் பார்த்தால் அப்படி நினைப்பது குறைவு. பெண்ணுக்குச் சாதகம்போலத் தோன்றும். உண்மையில், முந்தைய இடத்தில் பாரபட்சம் பார்த்திருப்பார்கள், அதனால்தான் கீழே இறங்கி வருகிறாள் என்று மேலாளர்களே காரணம் கற்பித்துக்கொள்கிறார்கள். விளைவு, தகுதிக்குக் கீழான வேலை பெண்ணுக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரெஸ்யூமேயில் பட்டத்தை மறைக்கலாமா?

எழுதாமல் விடுவது வேறு, பொய் சொல்வது வேறு. ரெஸ்யூமே என்பது அந்த வேலைக்குப் பொருந்துவதை எடுத்துச் சொல்லும் தாள். முனைவர் பட்டத்தை அதில் போட்டே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் நிறுவனமே ஒரு படிவம் கொடுத்து 'எல்லாக் கல்வித் தகுதிகளும்' என்று கேட்டு, கீழே கையெழுத்தும் வாங்கினால், அங்கே முழுவதும் எழுதத்தான் வேண்டும். பின்னால் தெரியவந்தால் வேலையே போகலாம்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து வருட முனைவர் பட்டத்தை நீக்கினால் அங்கே ஐந்து வருட ஓட்டை விழும். அந்த ஓட்டையைப் பார்த்து நான் கற்பனை செய்வதெல்லாம் பட்டத்தைவிட மோசமாக இருக்கும். அதனால் பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு அந்த வருடங்களில் செய்த வேலையைப் போடுங்கள்: 'ஆராய்ச்சி உதவியாளர், ஐந்து வருடம், இன்னின்ன தரவுகளைக் கையாண்டேன்.' உண்மைதான், கண்ணையும் உறுத்தாது. பதவிப் பெயர்களுக்கும் இது பொருந்தும். பொது மேலாளராக இருந்தவர் கணக்கர் வேலைக்கு வரும்போது, தனக்குக் கீழே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை முதல் வரியில் போட வேண்டியதில்லை. கணக்கு முடித்தது, தணிக்கைக்குத் தயார் செய்தது முதல் வரிக்கு வரட்டும்.

இன்டர்வியூவில் "இவ்வளவு படிச்சிட்டு ஏன் இந்த வேலை?" என்றால் என்ன சொல்வது?

கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். கேட்பவர் மனதில் அது எப்படியும் இருக்கிறது.

மிக மோசமான பதில், "எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் சார்." பணிவு என்று நினைத்துச் சொல்கிறார்கள். காதில் விழுவது, 'வேறு எது கிடைத்தாலும் போய்விடுவேன்.' அதற்கு அடுத்த மோசமான பதில், "கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்." பதினைந்து வருட அனுபவக்காரர் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்?

நான் கேட்டதில் நன்றாக எடுபட்ட ஒரு பதில்: "ஆளை மேய்க்கிற வேலை போதும் சார். எட்டு வருடம் செய்தாயிற்று. எனக்குக் கணக்குப் பார்ப்பதுதான் பிடிக்கும், அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும். இந்த வேலையில் இரண்டும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு நான் எங்கும் போவதாக இல்லை." இதில் ஏன் கீழே வருகிறார் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் நாளைக்கே மாறிவிடாது. எத்தனை காலம் என்பதும் வந்துவிட்டது. இதை நம்பலாம். உங்களுக்கு உண்மையில் இரண்டு வருடம் இருக்க எண்ணமில்லை என்றால் இந்த வரியைக் கடன் வாங்காதீர்கள். "ஒரு வருடமாவது இருப்பேன்" என்பதும் நல்ல பதில்தான்.

சம்பளப் பேச்சு வந்தால், பழைய சம்பளத்தைச் சொல்லிவிட்டு உடனே, "இந்த வேலைக்கு நீங்கள் அறிவித்திருப்பது தெரியும், அதற்குள் எனக்குச் சம்மதம்" என்று முடித்துவிடுங்கள். அங்கே தயங்கினால் அத்தனையும் வீண்.

நல்ல வேலைக்குக் காத்திருப்பதா, கிடைத்த வேலையில் சேருவதா?

ஆய்வுகளே ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் இடம் இது. நாகும் சிகர்மன் 1991-இல் அமெரிக்கத் தரவுகளைப் பார்த்து, அதிகம் படித்துவிட்டுக் கீழ் வேலையில் இருப்பவர்கள் மேலான வேலைக்கு நகர்வது மற்றவர்களைவிட அதிகம் என்றார். அதாவது அது ஏணியின் முதல் படி. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி இளைஞர்களைப் பற்றிய 2013 ஆய்வோ, முதல் வேலையே தகுதிக்குக் கீழாக அமைந்தால் தகுந்த வேலைக்குப் போவது தாமதமாகிறது, அது ஒரு பொறி என்றது. டேவிட் பெடுல்லா 2016-இல் வெளியிட்ட சோதனை இன்னும் கசப்பானது. அமெரிக்காவில் கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்தார். கடைசி ஒரு வருடம் திறமைக்குக் கீழான வேலையில் இருந்ததாகக் காட்டியவர்களுக்கு, தொடர்ந்து சரியான வேலையில் இருந்தவர்களுக்கு வந்த அழைப்புகளில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. சும்மா இருந்தவர்களின் நிலையும் கிட்டத்தட்ட அதேதான்.

இதையெல்லாம் வைத்து நான் சொல்வது: வீட்டுச் செலவு நெருக்கினால் யோசிக்காமல் சேருங்கள், எந்த ஆய்வும் உங்கள் வாடகையைக் கட்டப்போவதில்லை. நான்கைந்து மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்றால், உங்கள் துறையின் வாசலிலாவது இருக்கும் வேலையைத் தேடுங்கள். மருந்தியல் படித்தவருக்கு மருந்துக் கிடங்கில் இருப்புக் கணக்கு வேலை ஒரு வாசல். அதே சம்பளத்தில் கால் சென்டர் வேலை அவருக்கு வேறு தெரு. எதில் சேர்ந்தாலும் தேடுவதை நிறுத்தாதீர்கள். சம்பளம் வர ஆரம்பித்ததும் விண்ணப்பம் போடுவது நின்றுபோகிறது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மந்தநிலையில் படிப்பை முடித்தேன். வாழ்க்கை முழுக்கத் தழும்பாக இருக்குமா?

கனடாவில் கல்லூரிப் பட்டதாரிகளை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. மந்தநிலையில் வெளியே வந்தவர்களுக்குத் தொடக்கத்தில் வருமானம் சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஐந்து வருடத்தில் அது பாதியானது, பத்து வருடத்தில் ஏறக்குறைய மறைந்தது. அவர்கள் மீண்டது பெரும்பாலும் நிறுவனம் மாறி மாறித்தான்.

இப்போது அப்படிப்பட்ட வேலையில்தான் இருக்கிறேன். என்ன செய்யலாம்?

ஒரு காட்சி சொல்கிறேன், எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். புள்ளியியல் படித்தவர் ஒருவர் இரசீதுகளை எக்செலில் ஏற்றும் வேலையில் சேருகிறார். ஒரு நாள் முழுக்க ஆகும் வேலை. இரண்டாவது வாரம் ஒரு மேக்ரோ (திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை எக்செலே தானாகச் செய்ய வைக்கும் சிறு நிரல்) எழுதி, காலை டீ இடைவேளைக்குள் முடித்துவிடுகிறார். மிச்ச நேரத்துக்கு என்ன நடக்கும்? மேலதிகாரியிடம் காட்டினால், பக்கத்து மேசையின் இரசீதுக் கட்டும் அவர் தலையில் வந்து விழும். சம்பளம் அதேதான். காட்டாமல் வைத்திருந்தால் நாள் முழுக்க உட்கார்ந்து கொட்டாவி.

நான் சொல்வது, காட்டுங்கள், ஆனால் வெறுங்கையோடு காட்டாதீர்கள். "இந்த வேலை இப்போது இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. மீதி நேரத்தில் மாதாந்திர அறிக்கையை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று, நீங்கள் செய்ய விரும்பும் வேலையைக் கையிலேயே கொண்டுபோங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அந்த இடத்தை அவர் நிரப்புவார். ஏமி ரெஸ்னீவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-இல் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை உதாரணம் காட்டி இதைத்தான் எழுதினார்கள். பதவி மாறாமலே தன் வேலையின் எல்லையைச் சிலர் தாமே மாற்றி வரைந்துகொள்கிறார்கள். இப்படிச் செய்தவை ரெஸ்யூமேயில் வரிகளாகவும் மாறும்; பதவிப் பெயர் 'டேட்டா என்ட்ரி'யாக இருந்தாலும் கீழே 'அறிக்கைத் தயாரிப்பு' என்று இருக்கும்.

நான் தகுதி மிஞ்சியவன் என்று நான் நினைப்பதே தவறாக இருக்கலாமா?

தாராளமாக. வேலை சலிக்கிறது என்பதும் வேலை எளிது என்பதும் வேறு வேறு. அந்த வேலையில் உங்களைவிடக் குறைவாகப் படித்த, ஆனால் உங்களைவிட நன்றாகச் செய்கிற ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

சொந்தக்காரர்கள் "இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்கிறார்களே?

"ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

தெரிந்தே சின்ன வேலையைத் தேர்ந்தெடுப்பது தப்பா?

இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்தான் பதறுகிறார். உடம்பு, குடும்பம், எழுத்து, இசை, இல்லை சும்மா நிம்மதி என்று எதற்காக வேண்டுமானாலும் இறங்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: உரிமம் புதுப்பிக்க வேண்டிய தொழில் என்றால் அதை மட்டும் காலாவதி ஆகவிடாதீர்கள். மனம் மாறினால் திரும்பிப் போக வழி இருக்கட்டும்.

என் குழுவில் என்னைவிடப் படித்தவர் ஒருவர் இருக்கிறார். எப்படி வேலை வாங்குவது?

முதலில் அவரிடம் போட்டி போடுவதை விடுங்கள். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டு, குழுவில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தின் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள். புதியவர்களுக்குச் சொல்லித் தரும் வேலை இவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும். அவரைப் போல இன்னும் சிலர் குழுவில் இருந்தால் நல்லதே. சீனாவில் நடத்திய ஓர் ஆய்வு (2015) சொல்வதன்படி, சக ஊழியர்களும் தகுதி மிஞ்சியவர்களாக இருக்கும்போது தன் வேலை முக்கியமானது, குழுவோடு தான் பொருந்துகிறேன் என்று தகுதி மிஞ்சியவர் உணர்வது கூடி, வேலை மேம்படுகிறது. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "டாக்டர் சார் என்ன சொல்றீங்க?" என்று கிண்டல் செய்வதை மட்டும் உடனே நிறுத்துங்கள். இதற்காகவே வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

எப்போது கிளம்பலாம்?

புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாமல் ஒரு வருடம் போய்விட்டது, வேலையின் எல்லையை விரித்துக்கொள்ளக் கேட்டு இரண்டு முறை மறுப்பு வந்தது, மேலே இருக்கும் பதவியும் காலியாகப் போவதில்லை என்றால் தேடத் தொடங்கலாம். கையில் வேறு வேலைக்கான கடிதம் வந்த பிறகே ராஜினாமா கொடுங்கள். நோட்டீஸ் பீரியட்டில் நீங்கள் எழுதிய மேக்ரோவையும் குறிப்புகளையும் அடுத்து வருபவருக்கு விளங்கும்படி வைத்துவிட்டுப் போங்கள். புதிய இடத்தில் உங்களைப் பற்றி விசாரிக்க இவர்களுக்குத்தான் போன் வரும்.